தணிகை மலையடித் தெருக்கள்

சூரனொடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணிகை என்பர். மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி. அடிவாரத்திலே ஊர். 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூரின் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன.

நெருங்கிய தெரு என்றவுடன் முகம் சுளிப்பார் பலர். அகன்ற சாலையே நாகரிகம் என்பது அவர்தம் எண்ணம். பாரிசு நகரத்து அறிஞர் கார்லோசு மொரேனோ, கல்வியும் கடையும் மருத்துவமும் தொழிலும் நடந்தோ மிதிவண்டியிலோ 15 நிமிடத்தில் எட்டுமாறு அமைதல் வேண்டும் என 2016-இல் கூறினார், உலகம் வியந்தது. வியப்பதற்கு யாது உளது? திருத்தணி வட்டாரத்து நெசவாளர் வீட்டில் தறிக்கும் அடுப்பிற்கும் இடையே பத்தடிதான்.

பொருளை வீணாக்காமையும் அத்தெருக்களின் இயல்பு. கழுநீர் மாட்டிற்கு, சாணம் வயலுக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. குப்பை என்னும் சொல்லையே உழவர் எருவிற்கு வழங்கினர். இன்றோ அச்சொல் பயனற்றதைக் குறிக்கின்றது! ஆடிக் கிருத்திகையில் மலர்க்காவடிகள் மலைபோல் குவிகின்றன. அம்மலரெல்லாம் மட்கி எருவாதல் வேண்டும். நெகிழிப் பையோடு குளக்கரையில் அழுகுதல் முறையன்று.

எனினும் பழைய ஊரைப் புகழ்வார் ஒன்றை மறத்தல் கூடாது. நம் பழைய ஊர்கள் எல்லார்க்கும் ஊராக இருந்தில. உழைத்தோரைச் சேரியில் ஒதுக்கிக் குளத்து நீரையும் மறுத்தனர். தெருவைக் காக்கலாம், அவ்வேலியைக் காத்தல் தகாது.

1914-இல் இந்தியா போந்த பாட்ரிக் கெடிசு என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், சென்னை மாகாண நகர்களைச் சுற்றி ஆராய்ந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்ச்சாலை போட வகுத்த திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில மனைகளை மட்டும் அகற்றி, அங்கே மரமும் வெளியும் அமைத்தால் காற்று வரும், குடிகளும் பெயரார், செலவும் குறையும் என்றார். அவ்வுரை தணிகைக்கும் பொருந்தும்.

விழா நாளில் இடநெருக்கடி மிகுவது உண்மையே. ஆனால் அதனை விளைப்பவை பெரிதும் ஊருக்குள் நுழையும் ஊர்திகளே. அவை புறத்தே நிற்கலாம். ஊரிலேயே புகைவண்டி நிலையமும் உண்டு. காவடி சுமந்து நடப்பார்க்கு வேண்டுவன நிழலும் குடிநீரும் தூய கழிப்பிடமுமே. இவற்றிற்காக எவர் வீட்டையும் இடிக்க வேண்டுவதில்லை.