நட்சத்திர விடுதியின் மொழி

மொழியியல் கருத்தரங்கு ஒன்றிற்காக எம்.ஜி. சாலைப் பகுதியில் நட்சத்திர விடுதியொன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். லிங்கராஜபுரத்தில் குடியிருப்பவனுக்கு அங்கே அறை எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். பங்கேற்பாளர் அனைவருக்கும் ஒதுக்கியிருந்தனர்.

அறையைத் துப்புரவு செய்ய வந்தவர் எங்கள் தெரு அக்கா. தெருவில் "என்ன தம்பி, சாப்ட்டியா?" என்பவர், அங்கே "குட் மார்னிங் சார்" என்றார். நானும் ஆங்கிலத்திலேயே நன்றி சொன்னேன். கதவைச் சாத்தியபின், தாழ்வாரத்தில் அவர் தோழியுடன் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவது கேட்டது.

1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் வழி கேட்டு, விடையாக வந்த 'ஃபோர்த் ஃப்ளோர்' என்னும் தொடரின் ரகரங்களைக் குறித்துக்கொண்டார். விலையுயர்ந்த சாக்ஸில் ரகரம் மிகுதி; மலிவான எஸ். கிளைனில் மிகக் குறைவு. ஊழியர்கள் வாடிக்கையாளரின் மதிப்பைக் கடன் வாங்குகின்றனர் என்பது அவர் விளக்கம். விடுதியில் நான் கண்டது அதனினும் கடுமையானது: ஒலியன்று, மொழியே மாறுகிறது. இதைத்தான் எங்கள் அமர்வுகள் 'பன்மொழித் திறன்' என்று பாராட்டின. பேசுபவருக்குத் தெரிவுரிமை இல்லாத இடத்தில் அச்சொல்லை நான் ஏற்கவில்லை.

மறுநாள் காலை நானே தமிழில் நலம் விசாரித்தேன். அக்கா மேற்பார்வையாளர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஃபைன், சார்" என்றார்.