மலையில் பெண்ணுக்குக் குறைவில்லை

நீலகிரி என்றதும் நம் படித்தவர்கள் ஒரு எண்ணைத் தூக்கிக் காட்டுகிறார்கள். 2011ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 985 பெண். தமிழ்நாடு முழுவதற்கும் 943தான். அதற்குப் பத்து வருஷம் முன்பு சேலத்தில் 851. ஆகவே கள்ளிப்பால் சமவெளியில், கருணை மலையில் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்தத் தீர்ப்பில் ஒரு சௌகரியம் உண்டு. பிரச்னை உசிலம்பட்டியோடும் சேலத்தோடும் முடிந்துபோகிறது. ஊட்டிக்குக் குளிர் காய்வதற்கு மட்டும் போய்வரலாம்.

எண் பொய் அல்ல. அது என்ன சொல்கிறது என்பதில்தான் தகராறு. பெண் பிறக்கிறாள், சாகாமல் இருக்கிறாள் — அவ்வளவுதான் அது சொல்வது. எதற்காக இருக்கவிடுகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பவன் கேட்பதில்லை.

மலைக்குப் பிறவியிலேயே ஒரு பரிசுத்தம் உண்டென்ற கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதி 1906ல் வெளிவந்த நூலைப் புரட்டினால் போதும். பெண் சிசுக்கொலை அங்கே இருந்திருக்கிறது. ஆண் தொகை பெண் தொகையை விஞ்சியிருக்கிறது. சகோதரர்கள் சேர்ந்து ஒருத்தியை மணந்திருக்கிறார்கள். பழங்குடியைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை, அதற்கென்றே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வரதட்சணை இல்லாத சமூகத்திலும் பெண் வேண்டாதவளாக இருக்க முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். வரதட்சணையை ஒழித்தால் மகன் மோகம் தானாக உதிர்ந்துவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

இன்றைய மலையில் பெண் தேவைப்படுகிறாள். காரணம் தேயிலை. கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆணுக்கு. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்ணுக்கு. அவள் பறித்ததை நிறுப்பவன் ஆண், குறிப்பவன் ஆண், மேஸ்திரி ஆண். (நம் கவிஞர்கள் சிலருக்குக் கொழுந்து பறிக்கும் விரல்கள் பரதநாட்டிய முத்திரையாகத் தெரிகின்றன. அட்டைக்கடியும் மழையும் முதுகுச் சுமையும் அந்தக் கவிதைகளில் எப்படியோ நனையாமல் தப்பித்துவிடுகின்றன.) மகள் இங்கே நஷ்டக் கணக்கு அல்ல, உழைப்புக் கணக்கு. ஆனால் வாரிசு என்று வரும்போது அந்தக் கணக்கில் அவள் இல்லை.

மலையில் பெண்ணின் வயிறு யாருடைய விவகாரம் என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. 1971ல் உபாசி — குன்னூரில் தலைமையகம் கொண்ட தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் — நீலகிரியின் சில தேயிலை எஸ்டேட்டுகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளை பெறாமைக்குப் போனஸ். ரானல்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணரின் யோசனை. பெண் தொழிலாளி கர்ப்பமாகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் ஐந்து ரூபாய் வரவு வைக்கப்படும். பிள்ளை பெறும் வயது கடந்தபின் அவள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கு மேல் பெற்றால் அதில் பிடித்தம்.

யோசித்துப் பாருங்கள். லயத்தில் குடியிருந்தவளுக்குத் தன் பெயரில் ஒரு கணக்கு என்பதே அநேகமாகப் புதிதாக இருந்திருக்கும். அது பறித்த கொழுந்துக்காகத் திறந்த கணக்கல்ல, பெறாத பிள்ளைக்காகத் திறந்தது. இரண்டு பெண் பிறந்துவிட்ட வீட்டில் மூன்றாவது பிள்ளையைத் தீர்மானிப்பது யார்? மாமியார், புருஷன், புருஷனின் அண்ணன்மார், குலதெய்வத்துக்கு நேர்ந்த நேர்ச்சை. இவர்களில் ஒருவருக்கும் பிடித்தம் கிடையாது. ‘கொள்ளி வைக்க ஒருவன் வேண்டாமா’ என்று கேட்பவர் ஒருவர், ஐந்து ரூபாயை இழப்பவர் இன்னொருவர். நிபுணரின் காகிதத்தில் அவள் சுதந்திரமாக முடிவெடுக்கும் தனிநபர். வீட்டில் அவள் யார் என்று விசாரித்திருந்தால், திட்டம் காகிதத்தைத் தாண்டியிருக்காது.

முதலாளிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1992ல் மாநில அரசு கொண்டுவந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். குடும்பத்தில் ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பின்னால் தத்தெடுக்கவும் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். அப்போதுதான் மகளின் பெயரில் வைப்புத்தொகை. அண்ணனோடு பிறந்தவளுக்குப் பாதுகாப்பு தேவையில்லையாம். மகன் இல்லாமை ஒரு நஷ்டம், அதற்கு நஷ்டஈடு தரப்படுகிறது என்பதைத் தவிர வேறு எப்படி இதை வாசிப்பது? மாமியார் வாயால் சொன்னதை அரசு ஆணையாக எழுதியிருக்கிறது.

இனி ஹட்டிகளுக்கு வருவோம். படகர்கள் ஹெத்தையைக் கும்பிடுகிறவர்கள். ஹெத்தை என்றால் பாட்டி. பேரகணியில் ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை உடுத்துத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் தாய்வழிச் சமுதாயத்தின் மிச்சம் என்றுகூடப் புல்லரித்து எழுதக்கூடும். பாட்டி தெய்வம், ஆனால் பேத்தியின் பெயர் பட்டாவில் ஏறுவதென்றால் பேச்சு மாறிவிடுகிறது. 1962ல் குந்தாவில் தொடங்கிப் பெருகிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து போடும் சிறு தோட்டங்களில், பணம் போய்ச் சேர்வது நிலம் யார் பேரிலோ அவர் கணக்குக்கு. அந்தப் பேர் பெரும்பாலும் அப்பாவுடையது, பிறகு அண்ணனுடையது.

சட்டம் இல்லாமலில்லை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு, அதற்குமுன் கல்யாணமானவளை விலக்கிவிட்டு. 2005ல் மத்தியச் சட்டமும் அந்த விலக்கு இல்லாமல் வந்தது. (தோடர், கோத்தர் போன்ற பழங்குடிப் பெண்களுக்கு அந்த வாரிசுச் சட்டம் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவே சொல்கிறது. அது தனியே எழுத வேண்டிய அவலம்.) சட்டம் வந்ததும் குடும்பம் என்ன செய்தது? விடுதலைப் பத்திரத்தைக் கண்டெடுத்தது. தங்கை சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்து வரப்படுகிறாள். கையெழுத்துப் போடாவிட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்று யாரும் சொல்வதில்லை, சொல்ல அவசியமுமில்லை. ‘முழுமனதுடன், யாருடைய தூண்டுதலுமின்றி’ என்று பத்திரம் ஆரம்பிக்கிறது. அவள் பறித்து வளர்ந்த தோட்டம்தான் அது.

985 என்று அச்சிடுகிறவர்கள் அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடட்டும்: இந்த மாவட்டத்துத் தேயிலைப் பட்டாக்களில் பெண் பெயரில் எத்தனை? புதிதாகக் கணக்கெடுப்பு ஒன்றும் வேண்டாம். பட்டாவில் பேர் எழுதியிருக்கிறது, உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான்.