ரெண்டு ரத்தப் பரிசோதனை

எங்கட கரையோரத்தில எச்.ஐ.வி எண்ட சொல்லை ஆட்கள் வாய்விட்டுச் சொல்ற சந்தர்ப்பம் ஒண்டுதான்: மெடிக்கல். சவூதிக்கோ கட்டாருக்கோ குவைத்துக்கோ போக ஏஜென்சிக்குப் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு, அக்கரைப்பற்றில் நைட் பஸ் ஏறி, கொழும்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். ‘ஃபிட்’ எண்டால் விசா. ‘அன்ஃபிட்’ எண்டால் அதோட கதை முடிஞ்சுது. வளைகுடா நாடுகள் எச்.ஐ.வி உள்ளவருக்கு வேலை விசா கொடுப்பதில்லை. அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போது தெரியவந்தால் நாடு கடத்திவிடுவார்கள். என்ன காரணம் எண்டு சரியாகச் சொல்லப்படாமலே பிளேன் ஏற்றப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகள் பல வருடமாக எழுதி வருகின்றன.

அதே ஊர்களில் இதே வைரசுக்கு இன்னொரு பரிசோதனையும் நடக்குது. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஒரு பெண் கர்ப்பமானதும் மிட்வைஃப் மிஸ் பதிந்துகொள்வார். கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது சிபிலிஸோடு எச்.ஐ.வியும் பார்ப்பார்கள். திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் பிள்ளை பெற்ற அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு டெஸ்ட் செய்த ஞாபகமே பலருக்கு இருக்காது. எல்லாருக்கும் செய்கிற ஒண்டில் வெட்கப்பட என்ன இருக்கு? பொசிட்டிவ் எண்டு வந்தால் தாய்க்கு உடனே மருந்து தொடங்குகிறார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சிகிச்சையால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். இப்படி ஒவ்வொரு தாயையும் பரிசோதித்துத்தான், எச்.ஐ.வியும் சிபிலிஸும் தாயிலிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு எண்ட சான்றிதழை 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை வாங்கியது. கிரிக்கெட் கப் வாங்கினால் கொளுத்துகிற வெடியில் பத்தில் ஒரு பங்காவது இதற்குக் கொளுத்தியிருக்கலாம்.

ஒரு டெஸ்டுக்குப் பின்னால் மருந்து இருக்கு. மற்றதுக்குப் பின்னால் சாத்தின கதவு. மெடிக்கல் மூலமாக மட்டும் இந்த நோயை அறிந்த ஊருக்கு, அது வாழ்க்கையே முடிந்துபோகிற நோயாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

உண்மை நிலைமை வேறு. எச்.ஐ.வி எண்டது வைரஸ். எயிட்ஸ் எண்டது சிகிச்சை எடுக்காமல் விட்டால் பல வருடங்களுக்குப் பிறகு வருகிற நிலை. இந்த வைரஸ் உடம்பைக் காவல் காக்கிற சிடி4 எண்ட வெள்ளை அணுக்களுக்குள் நுழைந்து, தன் மரபுப் பொருளை அந்த அணுவின் டி.என்.ஏயிலேயே ஒட்டிவைத்துப் பெருகுகிறது. ஒரு கன மில்லிமீற்றர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால் எயிட்ஸ். அதுக்குப் பிறகு காசநோயும் நியூமோனியாவும் சுலபமாக உள்ளே வரும். டி.என்.ஏயில் ஒட்டினதை முழுக்கக் கழற்றி எடுக்கிற மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் பெருகுவதை நிறுத்தலாம். இப்போது உலகம் முழுக்கக் கொடுக்கிற முதல்நிலைச் சிகிச்சை, டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த குளிசை, நாளுக்கு ஒண்டு. எங்கட வீடுகளில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடுவது இதைவிடக் கூட. ஏ.ஆர்.வி எண்டு சொல்கிற இந்த மருந்துகள் இலங்கையில் 2004இலிருந்து இலவசம்.

ஒழுங்காகக் குளிசை எடுத்தால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத சோடிகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆணுறை இல்லாத சுமார் 58,000 தடவை உறவில், மருந்தெடுக்கும் துணையிடமிருந்து ஒரு தொற்றுக்கூட வரவில்லை. டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிபனும் மண்டையோடும் வரைகிற போஸ்டர்களில் இந்த வரியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த வரி ஊருக்குள் வராவிட்டால் என்ன நடக்கும் எண்டதுக்குக் குளியாப்பிட்டி இருக்கு. 2016 தொடக்கத்தில் அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒருவனின் தகப்பன் எயிட்ஸில் செத்தார் எண்டு கதை பரவியது. பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்கவில்லை. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கட பிள்ளைகளை விலக்கிக்கொண்டார்கள். பரிசோதனையில் அவனுக்கு எச்.ஐ.வி இல்லை எண்டு வந்தும் ஊர் அசையவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் ஏப்ரலில், எச்.ஐ.வியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமையையும் கண்ணியத்தையும் அரசு பாதுகாக்க வேண்டும் எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அவனுக்குத் தொற்று இருந்திருந்தாலும், பக்கத்து மேசைப் பிள்ளைக்கு அதனால் ஒண்டும் வந்திருக்காது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ தொடுவதாலோ நுளம்பாலோ இது பரவாது.

எங்கட பக்கத்தில் இந்த வதந்தி பெரும்பாலும் பெண்களைத்தான் தேடிப் போகும். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு ரெண்டு வருடத்துக்கு முந்தியே திரும்பி வந்த ஒருத்தி கொஞ்சம் மெலிஞ்சிருந்தால் போதும், ஒழுங்கை முழுக்க ஆராய்ச்சி தொடங்கிவிடும். கணக்கு வேற சொல்லுது. 2022இல் இலங்கையில் 600க்கு மேல் புதிய தொற்றுகள் பதிவாகின. அதில் ஆண்களே மிகப் பெரும்பான்மை. நாட்டின் மொத்தத்தில் இது இன்னும் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான், ஆனால் கூடிக்கொண்டு போகுது. ஆம்பிளைகளுக்கு வீடு தேடி வர மிட்வைஃப் இல்லை. அவர்களாகத் தேடிப் போக வேணும். வெளிநாடு போகிறவனுக்குக் கிடைக்கிற ஒரே டெஸ்ட் மெடிக்கல்தான்.

கல்முனையில் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக் இருக்கு. பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. ஆனால் திருக்கோவிலில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எல்லாம் தாண்ட வேணும், ஒவ்வொரு தரிப்பிலும் தெரிஞ்ச முகம். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிறதை மாமா கண்டால் என்ன சொல்றது எண்ட பயம் வைரஸைவிடப் பெரிசு. தமிழ்ப் பெடியனுக்கும் முஸ்லிம் பெடியனுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. அதனால் இந்த டெஸ்டை சாதாரண ஓபிடியில், சீனி பார்க்கிற அதே இடத்தில், கேட்கிற எல்லாருக்கும் செய்ய வேணும் எண்டு நான் நினைக்கிறேன். கர்ப்பிணித் தாய்மாரில் வெட்கத்தை இல்லாமல் செய்தது அதுதானே. ஆபத்தான சந்தர்ப்பம் ஒண்டு நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்கலாம் எண்டதையும் உயர்தர வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

மெடிக்கலைப் பொறுத்தவரை ஒரு சின்ன விஷயம். ‘அன்ஃபிட்’ ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுக் கடதாசி தமிழில் கொடுக்கட்டும்: கிட்ட இருக்கிற கிளினிக் எது, எந்த நாளில் திறக்கும், மருந்துக்குக் காசு இல்லை. இதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஏஜென்சிக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிற போட்டோக்கொப்பி மெஷின் காணும்.