வரலாறு இல்லாதவர்களா நாம்?

“கிரெடிட் கார்டு வாங்கித் தேச்சாத்தான் சிபில் மார்க்கு ஏறுமாம், இல்லாட்டி பேங்க்ல லோனு கெடைக்காதாம்.” கடலூர் முதுநகரிலும் சிதம்பரம் பக்கத்துச் சேரிகளிலும் படித்த பிள்ளைகளே இப்படிப் பேசக் கேட்கிறேன். இது உண்மையல்ல.

சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-ல். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது 2005-ல். இன்று இப்படி நான்கு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை எழுதி வைக்கின்றன. சிபில் போடும் மார்க்கு 300 முதல் 900 வரை. அதற்குக் கார்டு கட்டாயமில்லை. வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்டினீர்களா என்பதே முக்கியம். வங்கி நகைக்கடன், வண்டித் தவணை, கல்விக்கடன், மைக்ரோ பைனான்ஸ் எல்லாமே அதில் ஏறும். மகளிர் குழுக் கடனையும் உறுப்பினர்வாரியாகத் தெரிவிக்கும்படி ரிசர்வ் வங்கி 2016-ல் வங்கிகளுக்குச் சொன்னது. நடவுக் கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டுகிற நம் பெண்கள், கார்டைக் கண்ணால் பார்க்காமலேயே மார்க்கு சேர்க்கிறார்கள்.

ஏறாதது எது? தண்டல்காரனிடம் வாங்கியது. கந்துவட்டிக்கு வாங்கி அசலைப்போல இரண்டு மடங்கு கட்டித் தீர்த்தாலும் அந்த நாணயத்துக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. வங்கி வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் வேறெங்கே போவார்கள்? அவர்களைத்தான் கம்ப்யூட்டர் ‘கடன் வரலாறு இல்லை’ என்கிறது. நம்மை வரலாறு இல்லாதவர்கள் என்பது புதுசா என்ன? நந்தனைத் தீயில் இறங்கி வரச்சொன்னது தில்லை. இன்று முதல் கடன் கேட்டு வருபவரிடம், பழைய கடனைக் காட்டு என்கிறார்கள்.

இந்தமுறை விதி நம் பக்கம் இருக்கிறது. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. தாட்கோ கடனுக்குப் போகும் தோழர்கள் இதை மேனேஜரிடம் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். குழுவில் யாரோ கட்டாத தவணை உங்கள் பெயரில் ஏறியிருக்கலாம். புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

மார்க்குக்காக மட்டும் கார்டு வாங்காதீர்கள். பாக்கி விழுந்தால் பல கார்டுகளில் வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாயைத் தாண்டும். சட்டை போட்ட கந்துவட்டி அது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.