எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மூச்சு முட்டுவது ஏன்? ஸ்கேனுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிறது பள்ளிகொண்டா. இந்தப் பக்கத்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அப்பர் தைக்கும் மிஷின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் ஒருவருக்கு இடுப்பு வலி கால் வரை இறங்குகிறது என்றால், டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். சில ஆயிரம் ரூபாய் புரட்ட வேண்டும். இத்தனையும் செய்து, மேஜையில் படுத்து, உள்ளே போன இரண்டாவது நிமிடத்தில் “போதும், வெளிய எடுங்க” என்று கத்த வேண்டியதாகிவிட்டால்?

ஸ்கேன் பாதியில் நிற்கும். சம்பளம் போனது போனதுதான். வீட்டில் “இதுக்குப் போயா பயந்த?” என்பார்கள். அதற்குப் பிறகு பலர் அந்தச் சீட்டை பீரோவில் வைத்துவிட்டு, மாத்திரை போட்டே காலம் தள்ளுவார்கள். உண்மையான நஷ்டம் இதுதான். நரம்பு அழுத்தமோ கட்டியோ, கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

இது கோழைத்தனமா?

இல்லை. மூடிய இடத்தைக் கண்டு வரும் இந்த அச்சத்துக்கு மருத்துவத்தில் கிளாஸ்ட்ரோஃபோபியா என்று பெயர். 1879-லேயே பெயர் வைக்கப்பட்ட பிரச்சினை. எம்.ஆர்.ஐ.-யை முடிக்க முடியாமல் போகிறவர்கள் நூற்றுக்கு 1 முதல் 15 பேர் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. லிஃப்டில் சாதாரணமாகப் போய் வருபவருக்கும் குழாய்க்குள் இது வரலாம். பளு தூக்கும் ஆளுக்கும் வரலாம். உடம்பு பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். முகத்துக்கு மிக அருகில் சுவர் இருப்பதைப் பார்த்ததும் மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அதனால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். இதை அந்த நபர் “காத்து வரல” என்று புரிந்துகொள்கிறார். பயம் இன்னும் ஏறுகிறது. உண்மையில் அந்தக் குழாய் இரண்டு பக்கமும் திறந்தேதான் இருக்கிறது. உள்ளே ஃபேன் காற்றும் வரும்.

குழாயை ஏன் அகலமாகச் செய்யக் கூடாது?

1977 ஜூலையில் அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியனின் குழு மனித உடலை முதன்முதலாக இந்த முறையில் ஸ்கேன் செய்தபோது, கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆனது. இன்று பெரும்பாலான ஸ்கேன்கள் 20 முதல் 45 நிமிடத்தில் முடிகின்றன. குழாய் மட்டும் இன்னும் குழாயாகவே இருக்கிறது. படம் தெளிவாக வர, வலுவான காந்தப்புலம் உடலைச் சுற்றி ஒரே சீராக இருக்க வேண்டும். வாய் அகலமானால் அதைச் செய்வது கடினம், செலவும் அதிகம்.

பழைய மிஷின்களின் உள்வட்டம் சுமார் 60 செ.மீ. புதியவை பலவற்றில் 70 செ.மீ. உண்டு. 10 செ.மீ. சின்ன வித்தியாசமாகத் தோன்றும். படுத்திருப்பவருக்கு அது பெரிய வித்தியாசம். பக்கவாட்டில் திறந்த ‘ஓப்பன் எம்.ஆர்.ஐ.’யும் இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் காந்த சக்தி குறைவு. எல்லா நோய்க்கும் அந்தப் படம் போதாது.

‘டம் டம்’, ‘டர்ர்’ என்ற சத்தமும் கோளாறு அல்ல. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் நொடிக்குள் பல முறை மாறும்போது அவை அதிர்கின்றன. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால்தான் காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தருகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மிஷின் வெடிக்கப் போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

உலோகத்தைக் கேட்கிறார்கள், பயத்தை?

ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன் “உடம்புல இரும்பு, பிளேட், பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் இழுத்து உயிரிழந்தார். காந்தம் எப்போதும் ‘ஆன்’ நிலையில் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

அதே படிவத்தில் “அடைந்த இடம் என்றால் பயம் உண்டா? முன்பு ஸ்கேன் பாதியில் நின்றதா?” என்ற கேள்வி எல்லா மையங்களிலும் இருப்பதில்லை. இருந்தாலும் அவசரத்தில் டிக் அடித்துத் தாண்டிவிடுகிறார்கள். குழாய்க்குள் போன பிறகுதான் பயம் தெரியவருகிறது. அப்போது டெக்னீஷியனுக்கு டென்ஷன், வெளியே காத்திருப்பவர்களுக்கு எரிச்சல். அடுத்து வருகிற வார்த்தை, “ஆடாம படுங்கம்மா, ஒண்ணும் ஆகாது.” அந்த நேரத்தில் அது ஆறுதல் அல்ல, அதட்டல்.

அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அகலமான மிஷின் இருந்தால் அதில் போடலாம். கூட்டம் குறைந்த நேரத்தைக் கொடுக்கலாம். ஐந்து நிமிடம் முன்னதாக அழைத்து, மேஜையை ஒரு முறை உள்ளே தள்ளி வெளியே எடுத்துக் காட்டலாம். இதற்குப் புது மிஷின் தேவையில்லை. மொழியும் முக்கியம். வேலூருக்கு வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆம்பூர் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்பது புரியாத மொழியில் ஸ்பீக்கரில் வந்தால் பயம் கூடத்தான் செய்யும்.

போகிறவர் செய்யக்கூடியவை

முன்பே சொல்வது. டாக்டரிடமும் ஸ்கேன் மையத்திலும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். சில நோய்களுக்குப் போதும். ஜவ்வு, நரம்பு விஷயங்களில் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.-தான். ஸ்கேன் பாதியில் நின்றால் கட்டணம் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வீட்டிலேயே கழற்றி வைப்பது. தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, ஊக்கு, ஹேர்பின், அரைஞாணில் உள்ள தாயத்து எல்லாம். கடைசி நிமிடத்தில் தாலியைக் கழற்றச் சொன்னாலே பல பெண்களுக்குப் படபடப்பு தொடங்கிவிடும். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கண்ணை முதலிலேயே மூடுவது. மேஜை நகர்வதற்கு முன்பே கண் மேல் துணி போட்டுக்கொண்டு, வெளியே வரும் வரை திறக்காமல் இருப்பது பலருக்கு உதவுகிறது. தலை ஸ்கேனில் முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்று வரும். அதில் கண்ணாடி பொருத்தினால் வெளியே பார்க்கலாம். கேட்டால் தருவார்களா என்று விசாரிக்கலாம்.

மூச்சை மெதுவாக விடுவது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். முந்தைய ஒரு வாரம் வீட்டில் படுத்தபடி பழகினால் அங்கே கை கொடுக்கும்.

நேரத்தை வெட்டுவது. முப்பது நிமிடமும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. சில நிமிடத் துண்டுகளாகத்தான் படம் எடுக்கிறார்கள். “அடுத்தது நாலு நிமிஷம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லலாம்.

கையில் பந்து, பக்கத்தில் ஆள். அவசரத்துக்கு அழுத்தும் ரப்பர் பந்து கையில் இருக்கிறதா, அழுத்தினால் பதில் வருகிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ.-யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. உலோகப் பரிசோதனைக்குப் பிறகு துணைக்கு ஒருவரைப் பல மையங்களில் உள்ளே அனுமதிக்கிறார்கள். அம்மாவின் பாதத்தை மகள் தொட்டபடி நின்றாலே போதும் என்கிற அளவுக்கு இது சிலருக்கு வேலை செய்யும்.

கால் முதலில். முட்டி, கணுக்கால் ஸ்கேனில் கால்தான் முதலில் போகும். இடுப்புக்கும் சில இடங்களில் அப்படிப் படுக்க வைக்க முடியும். கேட்பதில் தவறில்லை.

இவற்றுக்கும் அடங்காவிட்டால், லேசான மயக்க மருந்தை டாக்டர் எழுதித் தருவார். பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து. மருந்து எடுத்தவர் அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது. வீடு வரை கூட ஒருவர் வர வேண்டும். மிகக் கடுமையான அச்சம் என்றால், மயக்க மருந்து நிபுணர் மேற்பார்வையில் ஸ்கேன் எடுக்க வழி உண்டு. மனநல ஆலோசகரிடம் படிப்படியாகப் பழகும் சிகிச்சையும் நல்ல பலன் தரும்.

பாதியில் எழுந்து வந்துவிட்டவருக்கும் ஒரு வார்த்தை தேவை. அது தோல்வி அல்ல. அடுத்த முறைக்கான தகவல். எந்த நிமிடத்தில், எதனால் முடியாமல் போனது என்று டெக்னீஷியன் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதித் தரட்டும். வீட்டில் இருப்பவர்கள் “இதுக்குப் போயா?” என்பதை விட்டுவிட்டு, “அடுத்த தடவை நானும் உள்ள வரேன்” என்று சொல்லட்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவருக்கு, இந்த இரண்டும் இருந்தால் மூன்றாவது பயணம் தேவைப்படாது.