செத்த மீன் கற்பித்த பாடம்

மூளையின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிற மூளையில் ஓரிடம் மட்டும் சிவப்பாக ஒளிரும். 'அச்சம் பிறப்பது இங்கேதான்' என்று அடியில் எழுதியிருக்கும். எண்ணத்தையே புகைப்படம் எடுத்துவிட்டார்கள் என்று நாமும் நம்பிவிடுகிறோம். அவ்வாறு நம்பிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அந்தப் படம் எப்படிக் கிடைக்கிறது? மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தால், அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினைக் காந்தம் மிக இலேசாக விலக்கும்; ஆக்சிஜனை இழந்ததை ஈர்க்கும். 1936-இல் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் ஆகியோர் கண்டறிந்த உண்மை இது. இதனைப் பயன்படுத்தி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜப்பானியரான செய்ஜி ஒகாவா, 1990-இல் எலியின் மூளையில் ஏற்படும் இரத்த மாற்றங்களைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் படமாக்கினார். 1992-இல் மனித மூளையிலும் இம்முறை கைகூடிற்று.

ஆகவே, கருவி அளப்பது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தையே. அதுவும் நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவே இருக்கும். மூளை வேலை செய்து சுமார் ஐந்து வினாடிகள் கழித்தே உச்சத்தை எட்டும். சிவப்பு நிறமோ, கணக்குப் போட்டபின் கணிப்பொறி பூசுவது.

அந்தக் கணக்கில்தான் சிக்கல் உள்ளது. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் பத்தும் தலையாக விழும் வாய்ப்பு 1024-இல் 1. ஆனால் 50,000 மாணவர்கள் சுண்டினால், ஏறத்தாழ 50 பேருக்குப் பத்தும் தலையாகவே விழும். அவர்களுக்கு மந்திர சக்தி உண்டு என்போமா? மூளைப் படத்திலும் பல்லாயிரம் சிறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகவே சில 'ஒளிரும்'.

இதனைக் கிரேக் பென்னட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேடிக்கையாக மெய்ப்பித்தார்கள். செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி என்னவென்று அந்த மீனிடம் கேட்டார்கள்! தற்செயலுக்கான திருத்தம் செய்யாதபோது மீனின் மூளையிலும் சில கட்டங்கள் ஒளிர்ந்தன, திருத்தியதும் மறைந்தன. 2009-இல் அறிவிக்கப்பட்ட இந்த ஆய்வு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2012-இல் பெற்றது.

அப்படியானால் இம்முறையே பொய்யா? இல்லை. மூளைக் கட்டியை அகற்றுமுன், பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களை அறிய மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகிறார்கள். கத்தி படக்கூடாத இடத்தைக் காட்டும் படத்தில் பிழை இருக்கலாமா? அதனால்தான் கணக்கைச் சரிபார்ப்பவரின் பணி முக்கியமாகிறது.

ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்று எண்ணுவது எளிது. அவற்றில் எத்தனை முடிவுகள் பிறருடைய சோதனையிலும் நிலைத்தன என்பதே சரியான அளவுகோல். புதிதாக ஓரிடத்தைக் கண்டதாகச் சொல்லும் நூறு கட்டுரைகளுக்கு, அந்தச் செத்த மீனைப் பற்றிய ஒரு கட்டுரை சற்றும் குறைந்ததன்று.

இனி மூளைப் படத்தைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? தற்செயலுக்குத் திருத்தம் செய்தார்களா? வேறொருவர் செய்தபோதும் அதே முடிவு கிடைத்ததா? இவற்றைக் கேட்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக் கணக்கே போதும்.