நான்கு புகைபோக்கிகளும் இருநூற்றைம்பது வீடுகளும்

கோலாலம்பூரில் டாக்டராக இருக்கும் என் பழைய நண்பர் சென்ற மாதம் எனக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படங்கள். பணக்கார வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு ஆடம்பரமாக அச்சாகி நான் பார்த்ததில்லை. புரட்டிப் பார்த்தால், அது ஒரு வீட்டு விளம்பரம்!

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் விற்பனைக்கு வந்திருக்கும் பிளாட். இரண்டு படுக்கையறை. விலை பத்து லட்சம் பவுனுக்கு மேல். நம் கணக்கில் பத்துக் கோடி ரூபாயைத் தாண்டும். சாதாரண இடமல்ல; பாட்டர்ஸீ மின்சார நிலையம் என்று உலகப் பிரசித்தி பெற்ற பழைய கட்டடத்தின் உள்ளேயே அமைந்த வீடு. கூடவே ஒரு கடிதம்:

“பழைய கட்டடம் என்றால் நீ உருகிப் போகிறவன் ஆயிற்றே, இதைப் பார். இடிந்து விழ இருந்த ஒரு சரித்திரச் சின்னத்தை எங்கள் மலேசியப் பணம் காப்பாற்றியிருக்கிறது. நமக்கும் அதில் ஒரு மூலை இருக்கட்டுமே என்று நினைக்கிறேன். உன் அபிப்பிராயத்தை நாலு வரி எழுது.”

நாலு வரியில் எழுத முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடம் அழகானது. அதில் எனக்குத் தகராறு இல்லை. செங்கல்லால் எழுந்த மலை அது. அதன் வெளித்தோற்றத்துக்கு உருவம் கொடுத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் தெருக்களில் நிற்கும் சிவப்பு டெலிபோன் கூண்டை அமைத்த அதே மனிதர். நான்கு மூலையிலும் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். ஆனால் அது எந்த ராஜாவும் வாழ்ந்த அரண்மனை அல்ல. எந்தப் பிரபுவும் விருந்து வைத்த மாளிகையும் அல்ல. கரி எரித்த கொட்டகை. 1929-இல் தொடங்கி, நடுவில் யுத்தம் வந்து நின்று, 1955-இல்தான் முழுமை பெற்றது. கப்பலில் வந்து இறங்கிய கரியைத் தின்று, லண்டன் நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு காலத்தில் அது ஒன்றே கொடுத்தது. 1948-இல் இங்கிலாந்தின் மின்சாரத் தொழில் தேசியமயமானபோது அதுவும் ஜனங்களின் சொத்தாயிற்று.

விளம்பரப் புத்தகம் பளிங்குத் தரையைப் பற்றிப் பேசுகிறது. ஜன்னலிலிருந்து தெரியும் நதியைப் பற்றிப் பேசுகிறது. அதன் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தை மட்டும் காணோம். அதை நான் சொல்கிறேன்.

மின்சார நிலையம் என்றால் வெந்நீர் வீணாகும். நீராவி சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வந்த பிறகும் அதில் சூடு மிச்சமிருக்கும். வழக்கமாக அதை ஆற்றிலே விட்டுவிடுவார்கள். பாட்டர்ஸீயில் அப்படி எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. நதிக்கு அக்கரையில், பிம்லிகோ என்ற இடத்தில், குண்டு விழுந்து நாசமான பகுதியில் நகரசபை சாமானிய ஜனங்களுக்காகச் சுமார் 1,600 வீடுகள் கட்டியது. சர்ச்சில் கார்டன்ஸ் என்று பெயர். 1950 வாக்கில் தேம்ஸ் நதிக்கு அடியில் குழாய் போட்டு, இக்கரையில் மிஞ்சிய சூட்டை அக்கரையில் உள்ள அந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். பனி கொட்டும் லண்டன் குளிரில் அந்த வீட்டுக் குழந்தைகள் குளித்த வெந்நீர் பாட்டர்ஸீயின் மிச்சச் சூடு!

கிராமத்தில் சோறு வடித்த பிறகு அடுப்பில் இருக்கும் தணலை வீணாக்காமல், “உன் தவலையையும் கொண்டா, சுடவைத்துத் தருகிறேன்” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடும் கிழவி இருப்பாளே, அவளுடைய புத்தி அது. ஒரு நகரமே அந்தப் புத்தியோடு நடந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தின் சரித்திரம் இதுதான். செங்கல் அதன் உடம்பு மட்டுமே.

பிறகு என்ன ஆயிற்று? 1975-இல் ஒரு பாதியும் 1983-இல் மறுபாதியும் மூடப்பட்டன. இடிக்கக் கூடாது என்று 1980-லேயே சட்டப்படி காப்பு கொடுத்திருந்தார்கள். தனியார் கைக்குப் போயிற்று. கேளிக்கைப் பூங்கா ஆக்குகிறேன் என்று ஒருவர் கூரையைப் பிரித்தார். பணம் போதாமல் அப்படியே விட்டார். மழையும் பனியும் உள்ளே இறங்கின. கை மாறி மாறி, கடனில் மூழ்கி, கடைசியில் 2012-இல் மலேசியக் கம்பெனிகளின் கூட்டு ஒன்று நாற்பது கோடி பவுனுக்கு வாங்கியது. வேலை நடந்தது. உளுத்துப்போன புகைபோக்கிகளை இறக்கிவிட்டு, அதே உருவத்தில் புதிதாக வார்த்து நிறுத்தினார்கள். 2022-இல் கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கீழே கடைகள், நடுவே கம்பெனி ஆபீஸ்கள், உச்சியிலும் பக்கங்களிலும் வீடுகள். ஒரு புகைபோக்கிக்குள் கண்ணாடி லிப்ட் வைத்து, டிக்கெட் வாங்கினால் 109 மீட்டர் உயரத்திலிருந்து லண்டனைக் காட்டுகிறார்கள்.

“இதில் என்னய்யா தப்பு? முப்பது வருஷம் பாழடைந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களே! நீ கொடுப்பாயா அந்தப் பணத்தை?” என்று வாசகர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. நான் கொடுக்க மாட்டேன், என்னிடம் இல்லை. கூரையில்லாமல் நின்ற கட்டடத்துக்குப் பணக்காரர்களின் பணம் கூரை போட்டது என்பதை மறுக்கவும் மாட்டேன். என் வழக்கு வேறு.

அந்தக் கட்டடத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்துச் சுமார் நாலாயிரம் வீடுகள் கட்ட அனுமதி கொடுத்தபோது, அவற்றில் 636 வீடுகள் வசதி குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகிற விதத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நூற்றுக்குப் பதினைந்து. அதிகமில்லை, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை. 2017-இல் செலவு ஏறிவிட்டது என்று கட்டுகிறவர்கள் கையை விரித்தார்கள். வாண்ட்ஸ்வொர்த் நகரசபை தலையை ஆட்டியது. 636 என்பது 386 ஆயிற்று. பிற்பாடு லாபம் பெருகினால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். ‘பிற்பாடு பார்க்கலாம்’ என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தமோ அதுதான் அந்த ஊரிலும் அர்த்தம் என்று நினைக்கிறேன். அந்த 386-க்கும் ஆற்றங்கரையில் இடமில்லை. சற்றுத் தள்ளி, பின்பக்கத் தெருவில் ஒதுக்கினார்கள்.

குறைந்தது எத்தனை? 250 வீடுகள். அந்த மின்சார நிலையத்துக்குள்ளே விற்பனைக்கென்று அமைத்த ஆடம்பர வீடுகள் எத்தனை? 254.

நான் கணக்கில் புலி அல்ல. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு அந்த வர்ணப் படங்களைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

“வியாபாரி நஷ்டத்துக்கு வியாபாரம் செய்வானா?” என்று அடுத்த கேள்வி வரும். செய்ய வேண்டாம். ஆனால் செலவு ஏறியபோது சுருங்கியது எது என்று பாருங்கள். பளிங்கு சுருங்கவில்லை. புகைபோக்கியின் உயரம் ஓர் அங்குலம் குறையவில்லை. குறைத்திருந்தால் கலாரசிகர்கள் கொதித்தெழுந்திருப்பார்கள். செங்கல்லுக்குச் சட்டம் காவல் நின்றது. ஏழைக்கு எழுதிக் கொடுத்த வாக்குக்கு மட்டும் காவல் இல்லை. சுவரை நகர்த்தினால் குற்றம்; மனிதனை நகர்த்தினால் நிர்வாகம்! இதைத்தான் ‘சரித்திரத்தைப் பாதுகாத்தோம்’ என்கிறார்கள். புலியைச் சுட்டுத் தோலைப் பாடம் பண்ணி வரவேற்பறையில் நிறுத்துகிறவர்களும் இதே வார்த்தையைச் சொல்லலாம்.

இனி என் நண்பரிடம் வருகிறேன். ‘எங்கள் மலேசியப் பணம்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறார் அல்லவா? அது யாருடைய பணம்?

வாங்கிய கூட்டில் ஒரு பெரிய பங்கு சைம் டார்பியினுடையது. 1910-இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கிய பெயர் அது. மலாயாவில் ரப்பர் என்றால் விடியுமுன் எழுந்து மரம் சீவிய தமிழனின் கை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு, 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியினுடையது. சம்பளம் வாங்குகிறவர்களிடம் மாதாமாதம் பிடித்துச் சேர்த்த நிதி. தோட்டத் தொழிலாளியின் வெள்ளியும் அதில் உண்டு. சேமநிதி லாபம் தேடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தேடினால்தான் கிழவனுக்குக் கஞ்சி. ஆனால் வீடு போவது என்றால் என்ன என்று அந்தப் பணத்துக்கு உரியவர்களைப் போல் அறிந்தவர்கள் யார்?

என் நண்பரின் தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1957-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிய கதையை அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். வேலை போன அன்றே லயத்து வீடும் போகும். ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. அதைத் தடுக்கத்தான் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அந்தப் பரம்பரையின் சேமிப்பும் சேர்ந்த பணம், வேறொரு தேசத்து ஏழைகளுக்கு வாக்களித்த 250 வீடுகள் கழிந்துபோன இடத்தில் கல்லாக நிற்கிறது. பெருமைப்படுவதற்கு முன் கொஞ்சம் கூச்சப்படவும் வேண்டாமா?

நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: “வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். உழைத்துச் சம்பாதித்த பணம். வாங்கினால், ஒரு மாலை நேரத்தில் அந்த ஜன்னலருகே நின்று நதிக்கு அக்கரையைப் பார். சர்ச்சில் கார்டன்ஸ் தெரியும். உன் கட்டடம் நின்றுபோன பிறகும் தங்களுக்கென்று கொதிகலன் வைத்துக்கொண்டு அவர்கள் இன்னும் வெந்நீரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ வாங்கப் போகும் சரித்திரம் இக்கரையில் இல்லை, அப்பா, அங்கே இருக்கிறது.”

பதில் இன்னும் வரவில்லை.